ஒரே பாடம், வேறு வேறு நடை: தமிழகத் தொடக்கப்பள்ளி வரலாற்றில் கற்பவர் வேறுபாடு

ஆய்வுச் சுருக்கம்

பள்ளிக்கு வரும் பிள்ளைகள் சாதி, வறுமை, உடல்நிலை, வீட்டுச்சூழல் ஆகியவற்றால் வேறுபட்டவர்கள். கற்கும் வேகத்தாலும் வேறுபட்டவர்கள். இவ்வேறுபாட்டைத் தமிழகத் தொடக்கப்பள்ளிகள் கடந்த இருநூறு ஆண்டுகளில் எவ்வாறு எதிர்கொண்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. கற்பவருக்கேற்பக் கல்வியை மாற்றிய முயற்சிகள் இருவகைப்பட்டவை. ஒருவகை, பிள்ளை சென்றடைய வேண்டிய இலக்கையே மாற்றியது. மற்றொரு வகை, இலக்கைப் பொதுவாக வைத்து அதற்குச் செல்லும் வழியை மட்டும் மாற்றியது. முன்னது பிறப்பை அளவுகோலாகக் கொண்டது. பின்னது கற்றலை அளவுகோலாகக் கொண்டது. இவ்விரண்டும் ஒன்றென மயங்கிய காலங்களில் வேறுபாட்டிற்கு இடமளித்தல் என்பதே ஐயத்திற்குரியதாயிற்று. திண்ணைப் பள்ளி முதல் செயல்வழிக் கற்றல் வரையிலான வரலாற்றை இவ்வேறுபாட்டின் வழி வாசிப்பது இன்றைய வகுப்பறைச் சிக்கல்களைப் புரிந்துகொள்ள உதவும் என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: திண்ணைப் பள்ளி, சட்டாம்பிள்ளை, பஞ்சமர் பள்ளி, குலக்கல்வித் திட்டம், சமச்சீர்க் கல்வி, செயல்வழிக் கற்றல், எண்ணும் எழுத்தும்

முன்னுரை

தமிழகக் கல்வி வரலாறு பெரும்பாலும் சேர்க்கையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பள்ளிகள் எத்தனை, அவற்றில் பயின்றோர் யாவர், விலக்கப்பட்டோர் யாவர், அவர்கள் எப்போது உள்ளே வந்தனர் என்பன அவ்வரலாற்றின் முதன்மை வினாக்கள். அவை இன்றியமையாதவை. எனினும் பள்ளிக்குள் நுழைந்த பிள்ளை அங்கு எவ்வாறு கற்றது, பிறரைவிட மெதுவாகக் கற்ற பிள்ளைக்கு அங்கு என்ன நேர்ந்தது, அறுவடைக் காலத்தில் ஒரு மாதம் வராமல் இருந்து திரும்பிய பிள்ளை எங்கிருந்து தொடங்கியது ஆகிய வினாக்கள் அதே அளவு கவனம் பெறவில்லை. வாயிலின் வரலாறு எழுதப்பட்ட அளவுக்கு வகுப்பறையின் வரலாறு எழுதப்படவில்லை எனலாம்.

இவ்விரு வினாக்களையும் இணைத்துப் பார்க்கும்போது ஒரு முரண் புலப்படுகிறது. ஒவ்வொருவரின் வேகத்திற்கும் இடமளித்த பழைய பள்ளி அனைவரையும் ஏற்கவில்லை. அனைவரையும் ஏற்ற புதிய பள்ளி ஒவ்வொருவரின் வேகத்திற்கும் இடமளிக்கவில்லை. இம்முரண் உருவான வழியையும், அதைத் தீர்க்க எழுந்த முயற்சிகளின் போக்கையும் காலவரிசையில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திண்ணைப் பள்ளியின் கற்றல்முறை

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு, மாகாணத்தில் நிலவிய பள்ளிகள் பற்றிய கணக்கெடுப்பிற்கு ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய அறிக்கைகளின் அடிப்படையில் 1826இல் அவர் எழுதிய குறிப்பு, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகவும், ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்ற அளவில் அவை அமைந்திருந்ததாகவும் கூறுகிறது. இவ்வறிக்கைகளைத் தொகுத்து 1983இல் வெளியிட்ட தரம்பால், தமிழ் பேசும் மாவட்டங்களில் பயின்ற சிறுவருள் பெரும்பான்மையினர் சூத்திரர் மற்றும் பிற சாதியார் என்ற வகைப்பாட்டில் இடம்பெற்றிருந்ததைச் சுட்டிக்காட்டினார். அதே அறிக்கைகளில் பள்ளி சென்ற சிறுமியரின் எண்ணிக்கை மிகச் சிறிது.

திண்ணைப் பள்ளியில் இன்றைய பொருளில் 'வகுப்பு' என்ற அமைப்பு இல்லை. ஐந்து வயதுச் சிறுவனும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். புதிதாய்ச் சேர்ந்தவன் மணலில் விரலால் எழுதினான்; எழுத்துக் கைவந்தவன் ஓலையும் எழுத்தாணியும் கொண்டு எழுதினான். ஒருவன் அரிச்சுவடி ஓதிக்கொண்டிருக்க, அருகிலிருந்தவன் ஆத்திசூடியோ கொன்றைவேந்தனோ ஒப்பித்துக்கொண்டிருந்தான். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியவற்றை முடித்த மூத்த மாணவன் வாய்க்கணக்குப் பயின்றான். ஒருவனின் நிலையை அவன் வயது தீர்மானிக்கவில்லை; அவன் முடித்த சுவடியே தீர்மானித்தது. சட்டாம்பிள்ளை எனப்பட்ட மூத்த மாணவன் இளையோருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தான். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' இத்தகைய பள்ளிகளின் அன்றாடத்தை நேரடி அனுபவமாகப் பதிவுசெய்துள்ளது. எண்சுவடி மரபை விரிவாக ஆராய்ந்துள்ள செந்தில்பாபு, மனப்பாடத்தை வெறும் ஒப்புவித்தலாகக் கருதாமல், கணக்கிடும் திறனை வளர்க்கும் ஒரு கற்றல்முறையாகவே நோக்க வேண்டும் என்று வாதிடுகிறார்.

இவ்வமைப்பு கற்பவரின் வேறுபாட்டை ஒரு கொள்கையாக ஏற்று உருவானதன்று. ஒரே ஆசிரியர், பல வயதினர், உழவுத்தொழிலை ஒட்டிய வருகை, தனித்தனியே செலுத்தப்பட்ட பணமும் தானியமும் ஆகிய நடைமுறைகளின் விளைவாகவே அது அமைந்தது. ஆயினும் பயன் ஒன்றே: விட்ட இடத்திலிருந்து தொடர்வது அங்கு இயல்பாயிருந்தது. 'தோல்வி' என்ற நிலையே அங்கு இல்லை. இன்னும் முடிக்காத சுவடி மட்டுமே இருந்தது.

இதனைப் புகழ்ந்துரைப்பதோடு நின்றுவிடல் வரலாற்றுக்குப் பொருந்தாது. திண்ணையின் தண்டனைகள் கடுமையானவை. பெண்களுக்கு அங்கு இடம் அரிது. சேரிகளில் வாழ்ந்த மக்களின் பிள்ளைகள் ஊர்த்திண்ணையில் ஏறி அமர்வதைச் சாதிய சமூகம் ஏற்கவில்லை. கற்றல்முறையில் நெகிழ்வும் சேர்க்கையில் இறுக்கமும் ஒருங்கே கொண்டதாகவே திண்ணைப் பள்ளியை மதிப்பிட வேண்டும்.

எழும்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு

திண்ணையின் கற்றல்முறை அதன் சமூகச் சூழலிலிருந்து பிரிக்கப்பட்டு வேறோரிடத்தில் பயன்பட்ட நிகழ்வு நன்கு அறியப்பட்டதே. எழும்பூரில் ஐரோப்பியப் படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட அநாதை இல்லத்தின் மேற்பார்வையாளராக 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், அருகிலிருந்த உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்தில் புகுத்த அவர் முனைந்தபோது அங்கிருந்த ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. எட்டு வயதுச் சிறுவனான ஜான் ஃபிரிஸ்கனிடம் எழுத்தறியாப் பிள்ளைகளை ஒப்படைத்தார். அச்சிறுவன் வெற்றி கண்டான். 1797இல் இலண்டனில் பெல் வெளியிட்ட நூலின் வழி இது 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்றது.

1811இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்ட தேசியச் சங்கம் இம்முறையைத் தன் பள்ளிகளில் பரப்பியது. ஆங்கு அது முதன்மையாகச் செலவு குறைந்த முறையாகவே வரவேற்கப்பட்டது. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பதே அதன் ஈர்ப்பு. சட்டாம்பிள்ளை ஒருவன் தனக்கு இளையவன் அருகில் அமர்ந்து அவன் நிலையறிந்து சொல்லிக்கொடுத்தது, அணிவகுத்த பிள்ளைகளுக்கு ஒரே குரலில் பயிற்சி அளிப்பதாக மாறியது. கற்பவருக்கு அணுக்கமாக அமைந்த ஒரு முறை, எண்ணிக்கையை நோக்கிப் பெருகும்போது அவ்வணுக்கத்தையே முதலில் இழக்கும் என்பதற்கு இது முற்பட்ட சான்று. பின்னாளில் தமிழகத்திலும் இது மீண்டும் நிகழக் காண்கிறோம்.

தேர்ச்சியும் வகுப்பும்

1854ஆம் ஆண்டின் வுட் அறிக்கையைத் தொடர்ந்து தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறை உருவாயிற்று. 1860களில் சென்னை மாகாணத்தில் மாணவர் தேர்ச்சிக்கேற்ப மானியம் அளிக்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து, படித்தல், எழுதுதல், கணக்கு ஆகியவற்றில் ஒவ்வொரு பிள்ளையையும் அதன் தரநிலைக்கேற்பச் சோதிப்பார். தேறிய தலைகளின் எண்ணிக்கை மானியத்தைத் தீர்மானிக்கும்.

மானியம் பெற விரும்பிய திண்ணை ஆசிரியர்கள் தம் பிள்ளைகளை வகுப்புகளாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. அச்சிட்ட பாடநூல், வருகைப்பதிவேடு, கால அட்டவணை ஆகியன திண்ணையில் இடம்பெற்றன. இம்மாற்றத்தால் நன்மை இல்லாமல் இல்லை. பள்ளிகள் பொதுக் கண்காணிப்பிற்குள் வந்தன, ஆசிரியருக்கு வருவாயில் ஓரளவு உறுதி கிட்டியது. ஆனால் மெதுவாகக் கற்கும் பிள்ளை ஆசிரியரின் வருவாய்க்கு இழப்பாக மாறியது. இடையில் நின்று திரும்பும் பிள்ளை பதிவேட்டில் பிழையாகத் தோன்றியது. சுவடி முடிக்காதவன் என்ற நிலை மறைந்து, தேறாதவன் என்ற நிலை பிறந்தது. தேர்ச்சி மானியம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அது உருவாக்கிய வகுப்பறை நிலைத்தது.

தனிப்பள்ளிகளும் தாழ்ந்த கூரையும்

செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து 1890களின் தொடக்கத்தில் அரசுக்கு அளித்த அறிக்கை பெரும் விவாதத்தை எழுப்பியது. 1893இல் பஞ்சமர் கல்வியை ஊக்குவிக்கும் அரசாணை வெளிவந்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறில் தம் முதல் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். மயிலாப்பூரில் அமைந்த திருவள்ளுவர் பள்ளி உள்ளிட்ட பிற பள்ளிகள் தொடர்ந்தன. அரசின் தொழிலாளர் துறை 1920களில் ஒடுக்கப்பட்டோருக்கெனப் பள்ளிகள் நடத்தியது. பின்னாளைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்குள்ளது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் இக்காலத்தனவே.

கற்றல்முறையின் நோக்கில் இவற்றுள் ஆல்காட் பள்ளிகள் சிறப்புக் கவனத்திற்குரியவை. அவற்றின் பொறுப்பிலிருந்த கோர்ட்ரைட் அம்மையார் அங்குக் கற்பித்த முறையைப் பற்றி 1906இல் ஒரு நூல் வெளியிட்டார். வீட்டில் எழுத்தின் நிழலே படாத பிள்ளைகளுக்குப் பொருள்களைக் கொண்டும் கைவேலையைக் கொண்டும் விளையாட்டைக் கொண்டும் கற்பித்த முறை, அக்காலப் பொதுப்பள்ளிகளின் ஒப்புவித்தல் முறையைவிடக் கற்பவருக்கு நெருக்கமானது. எனினும் இப்பள்ளிகள் உயர்கல்வியை நோக்கி அமைக்கப்பட்டவை அல்ல. வாழ்க்கைப்பாட்டிற்குத் தேவையான தொடக்கக் கல்வியே அவற்றின் குறிக்கோள். பிள்ளையின் நிலையறிந்து வழியை மாற்றியதும், அப்பிள்ளையின் பிறப்பைக் கருதி இலக்கைக் குறைத்ததும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன. வழி சிறந்தது; கூரை தாழ்ந்தது.

1920இல் சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தீர்மானித்தது. இத்திட்டத்தைத் தனித்து நோக்குதல் வேண்டும். பசித்த பிள்ளைக்கு வேறு பாடம் கற்பிக்க அது முற்படவில்லை. பசியை நீக்கி, அதே பாடத்தைக் கற்கச் செய்தது. இலக்கைத் தொடாமல் தடையை மட்டும் நீக்கிய இம்முறையே 1956இல் காமராசர் ஆட்சியிலும் 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியிலும் மாநிலம் தழுவிய திட்டமாக விரிந்தது.

1953: பிறப்பை அளவுகோலாக்கிய திட்டம்

வேறுபாட்டிற்கேற்ற கல்வி என்னும் கருத்தின் மீது தமிழகத்தில் நீங்காத ஐயத்தை விதைத்தது 1953ஆம் ஆண்டின் மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம். முதலமைச்சர் இராசகோபாலாச்சாரி அறிமுகப்படுத்திய இத்திட்டத்தின்படி, ஊரகத் தொடக்கப்பள்ளிகளில் பிள்ளைகள் நாளின் ஒரு பகுதி மட்டும் பள்ளியில் பயில்வர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். இருக்கும் ஆசிரியர்களையும் கட்டடங்களையும் கொண்டே கூடுதல் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கலாம் என்பதும், கைத்தொழில் வழிக் கற்றல் பிள்ளைகளுக்கு ஏற்றது என்பதும் ஆதரவாளர் கூறிய காரணங்கள்.

எதிர்ப்பாளர் இதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்றழைத்தனர். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் கடுமையாகப் போராடினர். காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் இராசகோபாலாச்சாரி பதவி விலகினார். அவருக்குப்பின் முதலமைச்சரான காமராசர் திட்டத்தைக் கைவிட்டார்.

இந்நிகழ்வு அரசியல் வரலாற்றில் விரிவாகப் பேசப்பட்டுள்ளது. கற்பித்தல் வரலாற்றில் அதன் விளைவு குறைவாகவே நோக்கப்பட்டுள்ளது. செயல்வழியாகக் கற்பது, வாழ்வோடு இணைத்துக் கற்பது ஆகிய கருத்துகள் கல்வியியலில் புதியனவல்ல. காந்தியடிகளின் ஆதாரக் கல்வி கைத்தொழிலையே மையமாகக் கொண்டது. ஆனால் எந்தப் பிள்ளை எந்தத் தொழிலைக் கற்கும் என்பதைத் தந்தையின் தொழில் தீர்மானிக்கும் எனில், அக்கல்வி பிள்ளையின் வேறுபாட்டைக் காணவில்லை. குலத்தின் வேறுபாட்டையே கண்டது. எதிர்ப்பாளரின் வாதம் இவ்விடத்தில் பிழையற்றது. அவ்வாதத்தின் வெற்றியால் தமிழகத்தில் 'எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே வகுப்பு, ஒரே நேரம்' என்பது நிர்வாக வசதியாக மட்டுமன்றிச் சமூக நீதியின் வடிவமாகவும் நிலைபெற்றது.

பொதுப்பாடத்தின் நீதியும் அதன் எல்லையும்

காமராசர் ஆட்சியில் ஊர்தோறும் தொடக்கப்பள்ளிகள் திறக்கப்பட்டன. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில் உணவு, சீருடை, பள்ளிச் சீரமைப்பு ஆகியன மக்கள் பங்கேற்புடன் வளர்ந்தன. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளால் வகுப்பறைகள் நிறைந்தன.

இங்கே பழைய முரண் புதிய வடிவில் தோன்றியது. வீட்டில் நூல் காணாத பிள்ளையும், தந்தையிடம் எழுத்தறிந்து வந்த பிள்ளையும் ஒரே பக்கத்தை ஒரே நாளில் திறந்தனர். ஓராசிரியர் அல்லது ஈராசிரியர் பள்ளிகளில் ஆசிரியர் ஒரு வகுப்பிற்குப் பாடம் நடத்த மற்ற வகுப்புகள் காத்திருந்தன. நெசவு, பீடி, தீப்பெட்டித் தொழில்களில் பணிக்குச் சென்ற பிள்ளைகள் சில வாரங்கள் கழித்துத் திரும்பும்போது பாடம் தொலைவில் சென்றிருந்தது. பள்ளியின் கதவு திறந்திருந்தது; ஆனால் பாடம் எவருக்காகவும் காத்திருக்கவில்லை. இடைநிற்றல் எனக் கணக்கிடப்பட்டதில் வறுமையின் பங்கு பெரிது. பாடம் விட்டுச்சென்றதன் பங்கும் சிறிதன்று.

வழியை மாற்றி இலக்கைக் காத்தல்: புடைப்பெழுத்தின் சான்று

வேறுபாட்டிற்கு இடமளித்தும் இலக்கைக் குறைக்காமல் இருக்கலாம் என்பதற்குத் தெளிவான சான்று மாற்றுத்திறனாளர் கல்வியில் உள்ளது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் பார்வையற்றோருக்கும் செவித்திறன் அற்றோருக்கும் கிறித்தவ மறைப்பணியாளர்கள் பள்ளிகள் தொடங்கினர். இந்திய மொழிகளுக்கெனப் பலவாறாக வழங்கிய புடைப்பெழுத்து முறைகள், 1951இல் பாரதி பிரெயில் என்னும் பொது வடிவில் ஒன்றுபடுத்தப்பட்டன. பிரெயில் ஒரு பிள்ளைக்கு வேறு நூலைத் தருவதில்லை. கண்ணால் படிப்பவன் காணும் அதே நூலை விரலுக்குத் தருகிறது.

சிறப்புப் பள்ளிகள் தனித்து இயங்கியமையால் அவற்றின் கற்பித்தல் அறிவு பொதுப்பள்ளியை நெடுங்காலம் எட்டவில்லை. 1974இல் மைய அரசின் ஒருங்கிணைந்த கல்வித் திட்டமும், 1995, 2016 ஆகிய ஆண்டுகளின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டங்களும், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் இப்பிள்ளைகளைப் பொதுப்பள்ளிக்கு அழைத்தன. வயதிற்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் எனக் கல்வி உரிமைச் சட்டம் விதித்தது. ஒன்பது வயதில் முதன்முறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளை நான்காம் வகுப்பில் அமரும் உரிமை பெற்றது. அவ்வகுப்பில் அது கற்பதற்குரிய வழியைச் சட்டத்தால் மட்டும் அமைத்துவிட இயலாது.

வேலூரிலிருந்து சென்னைக்கு: செயல்வழிக் கற்றல்

அவ்வழியைத் தேடிய முயற்சிகளுள் முதன்மையானது செயல்வழிக் கற்றல். இதன் தொடக்கமும் பொதுப்பள்ளியில் அன்று. 1990களில் வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். பி. விஜயகுமார், தொழிலிலிருந்து மீட்கப்பட்ட சிறார்க்கான பள்ளிகளில் ஈடுபாடு காட்டினார். அப்பிள்ளைகளின் வயதுக்கும் எழுத்தறிவுக்கும் தொடர்பில்லை. எனவே வயது வழி வகுப்பு அங்குப் பொருளற்றது. இதே காலத்தில் ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியைச் சார்ந்த கிராமப் பள்ளிகளில் பத்மநாப ராவ், ரமா இணையர், பல வகுப்புப் பிள்ளைகள் ஓரறையில் தத்தம் வேகத்தில் கற்பதற்கான அட்டைகளையும் கற்றல் ஏணியையும் உருவாக்கியிருந்தனர். மதனப்பள்ளிக்கு அருகிலிருந்த அப்பள்ளிகளுக்குச் சென்னை ஆசிரியர்கள் சென்று பயின்றனர்.

விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையரான பின் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இம்முறை தொடங்கப்பட்டது. அடுத்து மாநகராட்சியின் 264 தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. 2007இல் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக மாநிலத்தின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளிகள் அனைத்திற்கும் சென்றது.

இம்முறையில் ஒவ்வொரு பாடமும் சிறு படிநிலைகளாகப் பகுக்கப்பட்டது. படிநிலைகளின் வரிசை ஏணியாகச் சுவரில் தொங்கியது. பிள்ளை தன் படிநிலையைக் கண்டு, அதற்குரிய சின்னம் பொறித்த அட்டையைத் தட்டிலிருந்து எடுத்து, ஆசிரியர் உதவி தேவைப்படும் குழுவிலோ, சக மாணவர் உதவும் குழுவிலோ, தானே கற்கும் குழுவிலோ அமர்ந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சுவரின் அடிப்பகுதியில் கரும்பலகைப் பகுதி ஒதுக்கப்பட்டது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் அமர்ந்தார். ஒரு வாரம் வராத பிள்ளை, திரும்பியபோது தான் விட்ட அட்டையையே எடுத்தது.

திண்ணைக்கும் இதற்கும் உள்ள ஒப்புமை வெளிப்படையானது: பல வயதினர் ஓரிடத்தில், சுவடியைப் போல் படிநிலை, சட்டாம்பிள்ளையைப் போல் சக மாணவர். நேரடித் தொடர்ச்சி என்று இதனைக் கூற இயலாது. ஒரே வகைச் சிக்கலுக்கு அமைந்த ஒரே வகைத் தீர்வு எனலாம். வேறுபாடே முதன்மையானது. திண்ணையில் ஒவ்வொருவனும் தன் குலமும் குடும்பமும் அனுமதித்த அளவில் நின்றான். இங்கே ஏணியின் கடைசிப் படி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றே. 1953ஆம் ஆண்டுத் திட்டத்திலிருந்து செயல்வழிக் கற்றலைப் பிரித்தறியும் கோடும் இதுவே.

இம்முறையின் வரலாறு சமச்சீர்க் கல்வியின் வரலாற்றோடு ஒரே காலத்தில் நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேசன், ஆங்கிலோ இந்தியன், கீழைமொழிப் பள்ளி என நான்காகப் பிரிந்திருந்த பாடத்திட்டங்களை ஒன்றாக்கும் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் உறுதிப்பட்டது. ஒன்று பாடத்தைப் பொதுவாக்கியது. மற்றொன்று வேகத்தைத் தனித்தனியாக்கியது. இரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும் கொள்கைகள். எனினும் பொதுவிவாதத்தில் அவை அவ்வாறு இணைத்துப் பேசப்படவில்லை. பாடநூலும் வீட்டுப்பாடமும் காணாத பெற்றோர் சிலர், தம் பிள்ளைக்கு மட்டும் 'வேறு கல்வி' தரப்படுவதாக ஐயுற்றனர். தனியார் பள்ளியில் பாடநூல், அரசுப் பள்ளியில் அட்டை என்ற நிலையில், அவ்வையத்தின் பின்னால் 1953இன் நினைவு இருந்ததெனக் கொள்வதில் தவறில்லை. 2012இல் முப்பருவ முறை வந்தபின் பாடநூல் மீண்டும் வகுப்பறையின் நடுவிடம் பெற்றது. அட்டைகள் பாடநூலுக்குத் துணையாயின. பிள்ளையின் வேகமும் பருவத்தின் காலக்கெடுவிற்குள் அடங்க வேண்டியதாயிற்று. எழும்பூரில் தொடங்கிய முறை பெருகியபோது நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது: வடிவம் எஞ்சியது, வடிவத்தைப் பயனுடையதாக்கிய நேரம் சுருங்கியது.

நிலைகளும் முத்திரைகளும்

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டமை கற்றல் வேறுபாட்டை முன்னெப்போதையும்விட வெளிப்படையாக்கியது. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டமும், 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டமும் தொடங்கப்பட்டன. பின்னதில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகள் தொடக்க மதிப்பீட்டின் அடிப்படையில் அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் வைக்கப்பட்டனர். மூன்றாம் வகுப்பில் பயிலும் பிள்ளை தேவைக்கேற்ப அரும்பு நிலையிலும் கற்கலாம் என்பது, வகுப்பு வேறு கற்றல்நிலை வேறு என்பதை அரசே ஏற்றதன் அடையாளம்.

இப்பெயர்கள் அழகியவை. அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும் என்ற வளர்ச்சி அவற்றில் உண்டு. ஆயினும் வரலாறு எச்சரிக்கிறது. நிலை என்பது இன்று பிள்ளை நிற்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். பிள்ளையின் இயல்பைக் குறிக்கலாகாது. ஓராண்டு முழுதும் அரும்பிலேயே இருக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் யாருடைய பிள்ளைகள் என்ற வினாவை எழுப்பினால்தான் முறை தன் நோக்கத்தில் நிற்கிறதா என அறியலாம். அவர்கள் ஒரே குடியிருப்பிலிருந்தோ ஒரே தொழில் செய்யும் குடும்பங்களிலிருந்தோ வருகிறார்கள் எனில், அங்கு அளக்கப்படுவது கற்றல் அன்று.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கற்பவரை நோக்கி வளைந்த கற்பித்தல் முறைகள் பெரும்பாலும் பொதுப்பள்ளியின் விளிம்பில் தோன்றின. எழும்பூர் அநாதை இல்லம், அடையாற்றுப் பஞ்சமர் பள்ளி, பாளையங்கோட்டைச் சிறப்புப் பள்ளிகள், வேலூரில் மீட்கப்பட்ட சிறாரின் பள்ளிகள் ஆகியன இதற்குச் சான்று. வழக்கமான வகுப்பறைக்குப் பொருந்தாத பிள்ளைகளே வகுப்பறையின் குறையை முதலில் வெளிப்படுத்தினர்.

இரண்டாவதாக, விளிம்பிலிருந்து மையத்திற்கு வரும்போது இம்முறைகள் தம் கருவிகளைத் தக்கவைத்து, காலத்தையும் அணுக்கத்தையும் இழந்தன. அட்டைகளை அச்சிடுவது எளிது. ஓர் ஆசிரியரிடம் ஒப்படைக்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும், ஒரு பிள்ளை ஒரு படியில் நிற்க அனுமதிக்கப்படும் நாள்களையும் மாற்றுவது அரிது. முறையின் வெற்றி பின்னதையே சார்ந்துள்ளது.

மூன்றாவதாக, தமிழகத்தில் 'ஒரே பாடம்' என்னும் கோரிக்கையின் பின்னால் மறக்கவியலாத ஒரு போராட்டம் உள்ளது. அதனைக் கற்பித்தலில் ஒருமைப்பாட்டைத் திணிக்கும் பிடிவாதமாகக் கருதுவது வரலாற்றறியாமை. அதே வேளையில், ஒரே பாடம் என்பதால் ஒரே வேகம் என்றாகிவிடாது. இலக்கில் சமத்துவமும் வழியில் வேறுபாடும் இணையும் இடமே அனைவருக்குமான பள்ளி. எந்தத் திட்டத்தையும் மதிப்பிடுவதற்கு, அது பிள்ளைக்காக வழியை மாற்றுகிறதா, பிள்ளைக்கு உரிய இலக்கை மாற்றுகிறதா என்ற ஒரு வினாவை முதலில் கேட்டாக வேண்டும். இவ்வினாவைக் கொண்டு வட்டார அளவிலான பள்ளிப் பதிவேடுகள், ஆய்வாளர் அறிக்கைகள், ஆசிரியர் நினைவுகள் ஆகியவற்றை ஆராய்வது தமிழகக் கல்வி வரலாற்றாய்வின் அடுத்த கட்டமாக அமையலாம்.